தோலுரித்த பேட்டரி

அணைத்தேன். அணைத்தது எனக்குத் தெரியும். ஆன்ஸ்கார் வீட்டுக் கதவைப் பூட்டினேன், சாவியை உருவினேன், அதோடு தொங்கும் டார்ச்சின் அடிப்பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினேன், சொடுக்கென்று சத்தம் கேட்டது, வெளிச்சம் போனது, படியிறங்கினேன். இதில் எதையும் நான் கனவு காணவில்லை. அப்படியென்றால் என் கோட்டுப் பைக்குள் இப்போது எரிவது என்ன?

காருக்குள் உட்கார்ந்து மூன்று முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். காலை ஒன்பதே முக்கால். வெளியே கரிய இருட்டு. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் புலம்புவதில்லை. என்னைப் பயமுறுத்தியது அந்த இருட்டு அல்ல, பைத்துணி வழியாகக் கசிந்த வெளிச்சம். இந்த வாரத்தில் இது நான்காவது தடவை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என் அம்மா அறுபதில் அடுப்பை அணைக்க மறக்க ஆரம்பித்தாள்.

அரை மணி நேரத்துக்கு முன்பு ஆன்ஸ்காருக்குக் காலுறை மாட்டிவிடக் குனிந்தபோதும் இதே கதைதான். ஆன்ஸ்கார் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். நடை போய்விட்டது, வாய் போகவில்லை.

"பொண்ணே, உன் பாக்கெட்ல தீப்பிடிச்சிருக்கு."

"அணைக்க மறந்துட்டேன் போல."

"மறந்துட்டியா? சரி, ஒரு பேப்பர எடு. கடிகாரம் வரை. பதினொண்ணு பத்துக்கு முள்ள வை, பாக்கலாம்."

"கிண்டல் போதும், ஆன்ஸ்கார். கால நீட்டு."

"போன மாசம் மாத்து ஆளா வந்தப்ப என்ன வரையச் சொன்னியே, நான் முள்ளே இல்லாம வரைஞ்சேன். ரிப்பேருக்குக் கழட்டியிருக்குன்னு சொன்னதும் நீ மார்க்க குறைச்சே. இப்ப உன் முறை."

நகராட்சியின் வீட்டுச் செவிலியர் பிரிவில் இதுதான் எங்கள் வேலை. வீடு வீடாகக் காரில் போய் மாத்திரை கொடுப்போம், புண்ணுக்குக் கட்டுப் போடுவோம், யாருக்காவது ஞாபகம் தடுமாறினால் கடிகாரம் வரையச் சொல்லி எண் போட்டு எழுதி வைப்போம். தினமும் பிறர் மறதியை அளக்கிறவர்களுக்குத் தன் மறதி எங்கே தொடங்கும் என்ற பயம் எப்போதும் உண்டு. அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

டார்ச், நகராட்சி தந்த கிறிஸ்துமஸ் பரிசு. மூன்று குளிர்காலமாக நாங்கள் கேட்டது நோயாளிகளின் வாசற்படிகளுக்கு விளக்கும், சுற்றுக்கு இன்னொரு ஆளும். கிடைத்தது கட்டைவிரல் நீளத்தில் ஓர் அலுமினியக் குழாய். அதன் வயிற்றில் 'நாங்கள் உங்களைப் பார்க்கிறோம்' என்று நகராட்சியின் வாசகம் பொறித்திருந்தது. அந்த வாசகத்தைப் படிக்க வேண்டுமானால் இன்னொரு டார்ச் வேண்டும். பெட்டியின் மேல் 'நாற்பது மணி நேரம் எரியும்' என்று பெரிய எழுத்து.

டிசம்பர் முதல் வாரம், அரிசிக் கஞ்சி விருந்தன்று கொடுத்தார்கள். எங்கள் பிரிவுத் தலைவி மாய்-பிரிட் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, கட்டிப்பிடித்து, கையில் வைத்தாள். "இருட்டுல நீங்கதான் எங்க வெளிச்சம்" என்று உரை வேறு. நாற்பத்திரண்டு பேர் கைதட்டினோம். பிறகு கஞ்சி. அதற்குள் ஒளித்து வைத்த ஒற்றைப் பாதாம், என்னோடு வேலை செய்யும் யோரிட்டின் கரண்டியில் வந்தது. வழக்கம்போல பாதாம் கிடைத்தவளுக்கு, மார்சிப்பான் என்னும் பாதாம் இனிப்பில் செய்த பன்றி பரிசு. யோரிட் அதை உடனே தின்னவில்லை. "இருபத்தி நாலாம் தேதி வரைக்கும் இது உயிரோட இருக்கட்டும்" என்று பெயர் எழுதி ஓய்வறை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆன்ஸ்கார் வீட்டுப் படியில் அவள் டார்ச்சை எடுத்து அழுத்தினாள். எரியவில்லை. இன்னொரு முறை. பிறகு பனிக்கட்டி மேல் கால் வைத்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது, தோள் இறங்கியது. "நாலு தடவ அமுக்கினா, அஞ்சாவதா சைத்தான கூப்பிட்டா, அப்புறம் தடார்னு ஒரு சத்தம்" என்று ஆன்ஸ்கார் சொன்னார். அவரால் எழுந்து போக முடியாது. உள்ளேயிருந்து போன் செய்தார்.

அவளுடைய சுற்று இப்போது என் தலையில். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாய்-பிரிட் என்னை அறைக்கு வரச் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் எந்தத் தவறு நடந்தாலும் அதற்கு ஒரு விலகல் அறிக்கை உண்டு. காபி இயந்திரம் ஒழுகினாலும் அறிக்கை, ஆள் விழுந்தாலும் அறிக்கை. ஆள் விழுந்த அறிக்கைக்கு மட்டும் ஊழியர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி கையெழுத்து வேண்டும். அது நான். எப்படி ஆனேன் என்றால், தேர்தல் நடந்த அன்று எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள், நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலை உணவு முடிந்ததும் டார்ச்சைச் சமையலறை மேசைமேல் வைத்தேன். அதைச் சோதிக்க நினைத்தேன் என்று சொன்னால் பொய். என்னைத்தான் சோதிக்க நினைத்தேன். ஒரு தாளில் எழுதினேன்: பத்து மணி, அணைத்தேன். கையெழுத்தும் போட்டேன், என் பேரில் எனக்கே நம்பிக்கையில்லாததால். பிறகு டார்ச்சைக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே படியேறி இறங்கினேன். மூன்றாவது முறை இறங்கும்போது பை ஒளிர்ந்தது.

தாளைப் பார்த்தேன். அணைத்தேன் என்று என் கையெழுத்து சொன்னது.

அப்போதுதான் திறந்து பார்க்கத் தோன்றியது. பத்து நாளாக ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், ஒரு பொருள் சரியில்லையா, நான் சரியில்லையா என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் இரண்டாவதைத்தான் முதலில் நம்புகிறேன். இதைப் பணிவு என்று நினைத்து வளர்ந்தேன். அது பணிவு அல்ல, சோம்பல். தன்னைக் குற்றம் சொல்லிவிட்டால் வேறு யாரோடும் பேச வேண்டியதில்லை.

மூடியைத் திருகினேன். செல் வெளியே வரவில்லை. ரொட்டி வெட்டும் பலகைமேல் தட்டினேன். ஆறாவது தட்டுக்கு மனமில்லாமல் வழுக்கி விழுந்தது. சிறிய பென்சில் செல், மறுபடி மறுபடி சார்ஜ் செய்யும் வகை. நகராட்சியில் தூக்கி எறியும் செல் வாங்கக் கூடாது. சுற்றுச்சூழல் சான்றிதழ் வாசலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். விஷயம் அதுவல்ல. செல் அம்மணமாக இருந்தது. பெயர், எண், கூட்டல் குறி எல்லாம் அச்சிட்ட பிளாஸ்டிக் தோல் இல்லை. வெறும் தகரம், அதன்மேல் கத்தி போன கோடு.

டிவி ரிமோட்டிலிருந்து தூக்கி எறியும் செல் ஒன்றை எடுத்துப் போட்டேன். சுலபமாக உள்ளே போனது. அழுத்தினேன், எரிந்தது. அழுத்தினேன், அணைந்தது. உலுக்கினேன், படியேறினேன், குதித்தேன். அணைந்தது அணைந்தபடியே இருந்தது. உரித்த செல்லைத் திரும்பப் போட்டு அணைத்து உலுக்கினேன். இரண்டாவது உலுக்கலில் எரிந்தது.

புரிய ஒரு நிமிடம்தான் பிடித்தது. செல்லின் அடிப்பக்கம் மட்டும்தான் ஒரு முனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உடம்பு முழுக்கவே அந்த முனைதான். தோல் அதை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. தோல் போனால் வெறும் உலோகம் குழாயின் உள்சுவரில் உரசும். மின்சாரம் பொத்தான் வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. நாற்பத்திரண்டு பெண்கள் நாற்பத்திரண்டு பைகளுக்குள் ஒரு பொத்தானை ஒழுங்காக அழுத்திவிட்டு, அது அழுத்தப்படாதது போல எரிந்து தீர்ந்ததற்குத் தங்கள் மூளையைச் சந்தேகித்திருக்கிறார்கள்.

பெட்டி சொன்ன நாற்பது மணி நேரத்தையும் சோதிக்காமல் விடுவானேன் என்று, ரிமோட் செல்லோடு டார்ச்சை ஒரு கோப்பைக்குள் கூரையைப் பார்த்து நிறுத்தினேன். முதல் மூன்று நிமிடம் கூரையின் விரிசல்கூடத் தெரிந்தது. நான்காவது நிமிடம் வெளிச்சம் தானாகவே தலையைக் குனிந்துகொண்டது. மதியத்துக்குள் அது கூரையைத் தொடுவதை விட்டுவிட்டது. மாலை நாலு மணிக்கு, டார்ச் எரிகிறது என்பதைத் தவிர டார்ச்சால் எதையும் காட்ட முடியவில்லை. பெட்டி பொய் சொல்லவில்லை. நாற்பது மணி நேரமும் எரியத்தான் செய்யும், தான் இருப்பதைத் தெரிவித்துக்கொண்டு. இப்படி ஆட்களையும் எனக்குத் தெரியும். பலர் தலைமைப் பதவியில் இருக்கிறார்கள்.

யோரிட்டே போன் செய்தாள். வலி மாத்திரையில் குரல் குழைந்திருந்தது.

"நாளைக்கு அந்தப் பேப்பர்ல கையெழுத்துக் கேப்பாங்களாமே, தூருன். போட்டுடு."

"ஏன் போடணும்?"

"நான் அணைக்க மறந்துட்டேன்னுதானே எழுதியிருக்கு? மறந்திருப்பேன். நாலஞ்சு நாளா மறந்துக்கிட்டுத்தான் இருந்தேன். பையில எரிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல." தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "மாய்-பிரிட் ரொம்ப அன்பாத்தான் பேசினா. டாக்டர்கிட்ட ஒரு ஞாபகப் பரிசோதனை பண்ணிக்கிட்டு வா, அது வரைக்கும் மாத்திர அலமாரிச் சாவி உனக்கு வேணாம்னா."

மாத்திரை அலமாரிச் சாவி இல்லாதவள் எங்கள் வேலையில் தரை துடைக்கலாம். யோரிட்டுக்கு ஐம்பத்தொன்பது. முப்பத்தோரு வருடச் சுற்று.

"யோரிட், உன் டார்ச் பக்கத்துல இருக்கா? இன்னொரு கையால திற."

"ஒத்தக் கையில எப்படிடீ?"

"பல்லால கடிச்சுத் திற."

திட்டிக்கொண்டே திறந்தாள். எதிலோ டொக்டொக்கென்று தட்டினாள்.

"செல்லு மேல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல. வெறும் தகரமா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்போ," என்றாள், மிகச் சின்னக் குரலில், "எனக்கு ஒண்ணும் இல்லியா?"

திங்கட்கிழமை எட்டரைக்கு முதலில் கீழ்த்தளத்துக்குப் போனேன். கட்டடப் பராமரிப்பாளர் ஹில்மார் பனிவாரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். செல்லைக் காட்டினேன். முகம் மலர்ந்தது.

"அதுவா? நான்தான் உரிச்சேன். எண்பத்தி நாலு செல்லு, டார்ச்சுக்கு ரெண்டு, மாத்திப் போட ஒண்ணையும் சேத்து. சாஸேஜ் தோல உரிக்கிற மாதிரி. ரெண்டு நாள் ஆச்சு."

"எதுக்கு உரிச்சே?"

"நுழையலியே! தூக்கி எறியிற செல்லுக்குத்தான் அந்தக் குழாய் அளவு. சார்ஜ் பண்றது ஒரு முடியளவு தடிமன் ஜாஸ்தி. மாய்-பிரிட்கிட்ட போய்ச் சொன்னேன். 'சான்றிதழ் இருக்கு, வேற செல்லு வாங்க முடியாது, எப்படியாவது நுழைச்சிடு ஹில்மார்'னா. நுழைச்சிட்டேன். ஏன், நல்லா எரியலியா?"

"எரியுது," என்றேன். "நிக்காம எரியுது."

பெருமையோடு தலையாட்டினான். அவனிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. நுழையாததை நுழைக்கச் சொன்னால் நாங்கள் எல்லோருமே கத்தியை எடுக்கிறவர்கள்தான். ஐந்து நிமிடத்தில் ஏழு பேரைக் குளிப்பாட்டு என்றாலும் ஏன் என்று கேட்காமல் சோப்பைத் தேடுவோம்.

மாய்-பிரிட்டின் அறை சூடாக இருந்தது. மேசைமேல் மெழுகுவர்த்தி, அறிக்கை, பேனா. பக்கத்தில் ஒரு தட்டில் மார்சிப்பான் பன்றி. பின்னங்கால் இரண்டும் ஏற்கெனவே இல்லை.

"வா, உக்காரு. ஒரு துண்டு எடுத்துக்கோ. யோரிட் கிறிஸ்துமஸ் வரைக்கும் வரப்போறதில்ல, வீணாப் போயிடும்."

நான் உட்கார்ந்தேன். பன்றியைத் தொடவில்லை. அறிக்கையைப் படித்தேன். காரணம்: தனிநபர் கவனக்குறைவு, பயன்படுத்தியவர் கைவிளக்கை அணைக்கத் தவறியதால் பேட்டரி தீர்ந்தது. நடவடிக்கை: கைவிளக்கு உபயோகம் குறித்து எல்லா ஊழியருக்கும் இருபது நிமிடக் கணினிப் பயிற்சி. தொடர் நடவடிக்கை: சம்பந்தப்பட்டவரின் ஞாபகத்திறன் மதிப்பீடு.

என் டார்ச்சை மேசைமேல் வைத்தேன். அழுத்தி அணைத்தேன். "பாத்துக்கோ," என்று தட்டின் ஓரத்தில் மெதுவாக இரண்டு முறை தட்டினேன். எரிந்தது. மறுபடி அணைத்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி எரிந்தது. செல்லை வெளியே எடுத்து, உரித்த உடம்பைக் காட்டி, பொத்தானுக்கு வேலையே இல்லை என்பதை விளக்கினேன். ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

மாய்-பிரிட் கவனமாகக் கேட்டாள். கவனமாகக் கேட்பதற்கு அவள் மூன்று பயிற்சிகளுக்குப் போயிருக்கிறாள்.

"நல்ல விஷயம் சொன்னே, தூருன். இத நாம கண்டிப்பா எடுத்துக்கிட்டுப் போகணும். ஜனவரிக்கு அப்புறம்."

"அறிக்கைய மாத்தி எழுதலாமே. காரணம், செல்லோட தோல உரிச்சதுன்னு."

"அந்த இடத்துல நாலு காரணம்தான் வரும். மனுஷன், வானிலை, நோயாளி, மற்றவை. 'மற்றவை' போட்டா வேலைப் பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க. அவங்க வந்தா எதுக்கு உரிச்சீங்கன்னு கேப்பாங்க. அது அப்படியே சான்றிதழ் வரைக்கும் போகும். வீணா ஹில்மார் பேரு கெட்டுப்போகும். அவன் பாவம் இல்லியா?"

"யோரிட்?"

"யோரிட்டே ஒத்துக்கிட்டா. யாரும் அவள தண்டிக்கல. ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். அவ நல்லதுக்குத்தான்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். குரலை இறக்கினாள். "உனக்கு இப்ப வேலை எத்தன சதவீதம்?"

"அறுபத்தெட்டு புள்ளி மூணு."

பதினான்கு வருடமாக நான் அறுபத்தெட்டு புள்ளி மூன்று சதவீதம் நிரந்தர ஊழியை, அவ்வளவு நேரத்துக்குத்தான் உறுதியான சம்பளம். மீதி முப்பத்தொன்று புள்ளி ஏழு சதவீதத்துக்கு, கூட வேலை செய்கிற யாருக்காவது காய்ச்சல் வந்து மாற்றாளாகக் கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். எங்கள் பிரிவில் நூறு சதவீத முழுப் பெண்கள் ஐந்து பேர்தான்.

"யோரிட்டோட இடம் கொஞ்ச நாள் காலியா இருக்கும். ஒருவேள ரொம்ப நாள். நூறு சதவீதம்னு உன் பேர எழுதணும்னு எனக்கு ஆச. நான் உன்னப் பாக்கறேன், தூருன். நீ படற பாடு எனக்குத் தெரியும்."

நூறு. பொய் சொல்லக் கூடாது, அந்த எண் எனக்குள் இறங்கியது. வெயில் மாதிரி இறங்கியது. ஒரு கணம் நான் அந்த எண்ணின் உள்ளே உட்கார்ந்து, போனை அணைத்து வைத்துவிட்டுக் காபி குடித்தேன். அந்தக் கணத்தில் யோரிட் உண்மையிலேயே கொஞ்சம் மறதிக்காரியாகத்தான் தெரிந்தாள். போன வசந்தத்தில் என் பிறந்தநாளை மறந்தாளே என்றுகூட மனம் எடுத்துக் கொடுத்தது. எவ்வளவு சுறுசுறுப்பான மனம் எனக்கு. அதை அருவருப்போடு கவனித்தேன்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மாய்-பிரிட்டின் கோட்டைப் பார்த்தேன். நல்ல கம்பளிக் கோட்டு. அதன் வலது பை மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். எழுந்து போய்ப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள், முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, பாரேன்! நானும் அணைக்க மறந்துட்டேன்," என்றாள். பொத்தானை அழுத்தினாள். சிரித்தாள். "காலையிலேர்ந்து இப்படித்தான். நேத்தும். வயசாகுதில்ல."

சிரிப்புக்கு நடுவே அவள் கண் என்னைத் தவிர்த்தது. அந்தப் பயத்தை எனக்கு அடையாளம் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் விளக்கிச் சொன்னதைக் கேட்டவள். எரியும் டார்ச்சைத் தன் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் பழியைத் தன் தலைக்குள்தான் முதலில் தேடினாள். அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரிசோதனைக்கு அவள் தன் பெயரை எழுதப்போவதில்லையே.

அவள் உட்கார்ந்தாள். டார்ச்சை மேசைமேல் வைத்தாள். வைத்த அதிர்வில் அது மறுபடி எரிந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அவள் அதை அறிக்கைக் கட்டுக்குக் கீழே தள்ளினாள், காகிதங்களின் ஓரம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது.

"சரி," என்றாள். "இங்கதான். கீழ, உன் பேருக்கு எதிர்ல."

பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தாள், கைப்பிடியைத் திருப்பிக் கத்திரிக்கோல் கொடுப்பது போல.

நான் பேனாவை எடுத்தேன். அதன் மூடியைத் தேடினேன், மெழுகுவர்த்தி அருகே கிடந்தது. போட்டு, சரியாகப் பொருந்தும் வரை அழுத்தி, அவள் பக்கத்தில் வைத்தேன். பிறகு பன்றித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அத எங்க கொண்டுபோறே?"

"ஃபிரிட்ஜுக்கு. பேரு எழுதியிருக்கு."

"தூருன், கையெழுத்து?"

"இல்ல, மாய்-பிரிட்," என்றேன். "நான் போடல."

ஒன்பதே காலுக்கு ஆன்ஸ்காருக்குக் காலுறை மாட்ட வேண்டியிருந்தது.